பாதி நிலத்திலிருந்து அண்ணனுக்கு

குறுவைக்கு விதை ஊறப்போட நேற்று பரணிலிருந்து நீலத் தொட்டியை இறக்கினேன். குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டிதான். அடியில் பழுப்பாக ஒரு கறை இருக்கிறது, புண்ணுக்குப் போடுகிற அயோடின் மருந்தின் கறை. எத்தனையோ தடவை தேய்த்தும் போகவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் அந்த வாசனை இன்னும் லேசாக வருகிறது, அல்லது வருகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. அந்த வாசனை வந்தால் உன் ஞாபகம் வருகிறது. உன் ஞாபகம் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அன்புள்ள அண்ணனுக்கு என்று எழுதி, முதல் வார்த்தையை அடித்துவிட்டேன். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது திட்டினால் மட்டும் நீ காது கொடுத்தாயா? முப்பத்தொரு வருஷம் உனக்குத் தம்பியாக இருந்தேன், அதற்குப் பிறகு உனக்கு யாராகவும் இல்லாமல் இருந்தேன். ஒரே ஒரு நாள், ஒரு ஆபீஸ் வாசலில், நீ என்னை என்னவென்று கூப்பிட வேண்டுமோ அப்படிக் கூப்பிட்டாய். அதை உன் வாயிலிருந்து நான் எப்படிப் பிடுங்கினேன் என்பதை உன் சங்கத்து ஆட்களுக்கு நீ சொல்லியிருக்க மாட்டாய். அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

நாலு மா நிலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். மிராசுதார் உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்பத் தன் சமையல்காரர் பேரிலும் வண்டிக்காரர் பேரிலும் ஒளித்து வைத்திருந்த நிலத்தில் விவசாயச் சங்கத்தோடு போய்க் கொடி நட்டவன் நீ. பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தாய். கடைசியில் அப்பா பேருக்கு நாலு மாவுக்குப் பட்டா வந்தது. சொந்த வயலில் முதல் உழவு நடந்த அன்று என்னைத் தோளில் தூக்கி வந்து வரப்பில் இறக்கிவிட்டாய். உனக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு எட்டு.

"இது நம்ம ரெண்டு பேருக்கும்டா. எவன் கேட்டாலும் குடுக்காத" என்றாய்.

நான் குடுக்கவில்லை அண்ணே. எவனோ கேட்டிருந்தால் குடுத்திருக்க மாட்டேன்.

நீ என்னை அடித்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா செத்த பிறகு, நான் பாவாடை கட்டிக்கொண்டு வாய்க்காலில் குளித்ததை ஊர் பார்த்த பிறகு, நீ என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாய், அவ்வளவுதான். சோறு போடுகிற அண்ணியிடம், "அதுக்கும் போடு" என்பாய். பத்தொன்பது வயதில் நான் வீட்டை விட்டுப் போனேன். அந்த வாரமே நம் ஊர்க் கடைத்தெருவில் மேடை போட்டு, மனுசனுக்கு மனுசன் குறைஞ்சவன் இல்லை என்று நீ பேசினாய். கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் உன்னை அடிக்க ஆள் இல்லை.

*

ஆபரேஷன் செய்துகொள்வது என்று நான் முடிவு செய்தது, அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில். அப்பா அதற்கு இரண்டு வருஷம் முன்னால் போய்விட்டார். செய்துகொள்வதா வேண்டாமா என்று நான் ஒரு நாளும் குழம்பியதில்லை. யாரிடம் செய்துகொள்வது என்பதுதான் ஒரு வருஷம் என் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் திருநங்கை ஆட்களில் நிறையப் பேர் வெளி மாநிலத்தில் ஒரு டாக்டரிடம் போனார்கள். காலையில் போனால் மறுநாள் ரயிலேறலாம் என்றார்கள். திருச்சிப் பக்கம் பெரிய டாக்டர் ஒருவர் பேரைச் சிலர் சொன்னார்கள். சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்கிறார்கள், ஆனால் அலைய விடுவார்கள் என்றார்கள். ஆளுக்கொரு பேச்சு. எந்தப் பேச்சையும் நான் நம்பவில்லை.

நம்மூரில் புதிதாக ஏர்க்காரனைப் பிடிக்கும்போது என்ன செய்வோம்? அவனிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. அவன் போன வாரம் உழுத வயலில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நடப்போம். கட்டி காலில் இடறுகிறதா, மூலை விட்டிருக்கிறானா என்று உள்ளங்கால் சொல்லிவிடும். நானும் அதைத்தான் செய்தேன். டாக்டர்களைப் பார்க்கப் போகவில்லை. அவர்கள் கைப்பட்ட மூன்று பேரைத் தேடிப் போய், ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு நாள் முழுக்கத் தங்கினேன்.

வெளி மாநிலத்தில் செய்துகொண்டவள் கும்பகோணத்தில் இருந்தாள். நல்ல சிரிப்பு, நல்ல சமையல். ஆனால் ஒன்றுக்குப் போனால் கால் மணி நேரம் கதவு திறக்காது. சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தத்தை வெளியிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றேன். திருச்சி டாக்டரிடம் போனவளுக்கு வேலை கச்சிதம், அதைப் பொய் சொல்லக் கூடாது. ஆனால் தரையில் விழுந்த சீப்பைக் குனிந்து எடுக்காமல் காலால் நகர்த்தினாள். "குனிஞ்சா உள்ள சுள்ளுன்னு இழுக்குது" என்றாள். அவள் வைத்திருப்பது அழகு நிலையம், நின்றுகொண்டே வேலை பார்க்கலாம். நான் நடவுக்குப் போக வேண்டியவள்.

மூன்றாவது ஆள் பொன்னி. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, சுனாமியில் ஊரைக் கடல் கொண்டுபோன பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருந்தாள். மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். தலையில் கூடையோடு மணலில் விறுவிறுவென்று நடந்தாள், என்னால் கூடப் போக முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒரு தடவை குந்தி உக்காந்து எந்திரிச்சிக் காட்டுங்க."

"ஏண்டி, நான் என்ன சந்தைக்கு வந்த மாடா? பல்லைப் புடிச்சும் பாக்குறியா?" என்று சிரித்தாள். ஆனால் உட்கார்ந்து எழுந்தாள். கையை ஊன்றாமல், மூன்று தடவை. பிறகு தானாகவே, "கொல்லைக்கு வா, அதையும் கேட்டுக்க" என்றாள். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஒரே சீரான சத்தம். அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவளுக்குச் செய்தது சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர்.

அந்த அம்மாவிடம் போய் நான் கேட்ட முதல் கேள்வியைச் சொன்னால் நீ சிரித்திருப்பாய். நீ கேட்டதில்லை, அதனால் சொன்னதில்லை.

"டாக்டர், நான் நடவு நடணும். நாள் பூரா சேத்துல குனிஞ்சபடி பின்னாலயே நடக்கணும். முடியுமா?"

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "அழகா இருக்குமான்னு கேப்பாங்க, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேப்பாங்க. இப்படி யாரும் கேட்டதில்லம்மா. ஆறு மாசம் பொறுத்துக்க, அப்புறம் தாராளமா நடு" என்றார். அவர் என்னை அம்மா என்றது அன்று முழுக்கக் காதில் இருந்தது.

மனநல டாக்டர், ரத்தம், எக்ஸ்ரே என்று எட்டு மாதம் அலைந்தேன். எல்லாம் முடிந்து தேதி கிடைத்தபோது, கூடப்பிறந்தவர்கள் யாராவது வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு இருந்தது நீ ஒருத்தன்தான். பூத்திலிருந்து போன் செய்தேன். வருகிறேன் என்றாய். நான் அழுதுவிட்டேன். பூத்துக்காரர் தண்ணீர் கொடுத்தார். அந்த அழுகைக்காக இன்று வரை எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீ வந்தாய். தோளில் சிவப்புத் துண்டு இல்லை, சுருட்டிப் பைக்குள் வைத்திருந்தாய். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்காராமல் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து மடித்த முத்திரைத்தாள் ஒன்றை எடுத்தாய்.

"இது என்னண்ணே?"

"அப்பா நெலம். ஒன் பங்கை எனக்கு விட்டுக்குடுத்துட்டதா எழுதியிருக்கு. நீ இதுல போடு, நான் அதுல போடுறேன்."

"இப்பவா?"

"பின்ன எப்ப? ஒனக்கு எதுக்குடா நெலம்? ஒனக்குப் பின்னால யாரு இருக்கா? எனக்கு ரெண்டு புள்ளைங்க."

"இதெல்லாம் ரிஜிஸ்டர் ஆபீஸ்லதானே போடணும்?"

"அங்க ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போயி நான் எப்படிடா நிக்கிறது? நன்னிலத்துல என்னையத் தெரியாத ஆளு உண்டா? இங்கயே போடு, போதும்."

பெஞ்சில் நமக்கு நடுவே இருந்த இடத்தில் உன் பேனாவை வைத்தாய். உழுகிறவனுக்கே நிலம் என்று தொண்டை கிழியக் கத்தினவன் நீதானே? அந்த வயலில் நானும் உழுதேன், அண்டை வெட்டினேன், நாற்றுக்கட்டு சுமந்தேன். எதையும் சொல்லவில்லை. நாளைக்கு எனக்கு ஆபரேஷன். கையெழுத்துப் போட்டேன். இன்னாரின் இளைய மகன் என்று எழுதியிருந்ததற்குக் கீழே என் பழைய பெயரைப் போட்டேன். அந்தப் பெயரை நான் கடைசியாக எழுதியது உன் பத்திரத்தில்தான். நீயும் போட்டாய், இனிஷியலோடு, மேடை நோட்டீஸில் வருகிற மாதிரி.

ஆபரேஷன் அன்று வெளியே காத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டே மயங்கினேன். மறுநாள் காலையில்தான் சரியாக நினைவு வந்தது. உடம்புக்குக் கீழ்ப்பாதியில் யாரோ அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. சிறுநீருக்குக் குழாய் போட்டு, கட்டிலோரம் பை தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் நீ எட்டிப் பார்த்து, "கெளம்புறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாய். "வலிக்குதா" என்று கேட்டிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிலத்தை அன்றைக்கே மறந்திருப்பேன்.

நீ போன பிறகு கொஞ்சம் புரண்டேன். குழாய் தொடைக்கு அடியில் மாட்டி மடங்கிவிட்டது. எனக்கு அது தெரியாது. அடிவயிறு உப்பிக்கொண்டே போனது. வெடித்துவிடும் போல இருந்தது. வலி காயத்தில்தான் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கத்திக் கூப்பிட வெட்கம். "ஒங்க கூட வந்தவரு எங்க?" என்று பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மா கேட்டார். "டீ குடிக்கப் போயிருக்காரு" என்றேன். ஒரு மணி நேரம் அப்படிக் கிடந்தேன், சுவரில் கடிகாரம் இருந்தது. கடைசியில் அந்த அம்மாளே என் முகத்தைப் பார்த்துப் பயந்து எழுந்து வந்து, போர்வையைத் தூக்கிப் பார்த்துக் குழாயை இழுத்து நேராக விட்டார். பை நிரம்புகிற சத்தம் கேட்டது. நீ அப்போது ஊருக்குப் போகிற பஸ்ஸில் இருந்திருப்பாய்.

*

பொன்னிதான் வந்து என்னைக் கூட்டிப்போனாள். நாற்பது நாள் அவள் வீட்டில் கிடந்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மாதிரி பால்சுறா வாங்கி வந்து புட்டு செய்து போட்டாள். நீலத் தொட்டியும் அவள் வாங்கியதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் மருந்தை ஊற்றி, காலையும் சாயங்காலமும் அதில் உட்கார வேண்டும். முதல் நாள் என்னை இறக்கி உட்கார வைக்க அவளும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து பிடித்தார்கள்.

அதைவிடக் கஷ்டமானது இன்னொன்று. புதிதாகச் செய்த வழி மூடிக்கொள்ளாமல் இருக்க, டைலேட்டர் என்று வழவழப்பான ஒரு குச்சியைக் கொடுத்திருந்தார்கள். அதை உள்ளே வைத்து அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், தினமும் மூன்று தடவை. மத்தியானத் தடவைக்குப் பொன்னி டிவியில் சீரியலைப் போட்டுவிடுவாள். விளம்பரத்தோடு சேர்த்து அது சரியாக அரை மணி நேரம். மாமியாரும் மருமகளும் அங்கே சண்டை போட, இங்கே நான் உன்னைத் திட்டிக்கொண்டு படுத்திருப்பேன். உன்னையும் உன் துண்டையும் உன் இனிஷியலையும் திட்டுவேன். வலி தெரியாமல் இருக்க அதைவிட நல்ல மருந்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. உடம்பு தேறியதற்கு உனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, வைத்துக்கொள்.

நாற்பதாவது நாள் எங்கள் வழக்கப்படி மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்கள். அதுவரை கண்ணாடி பார்க்கக் கூடாது. பால் குடத்தைத் தலையில் வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள்.

"அம்மனை நல்லா வேண்டிக்க. இன்னிக்கு என்ன கேட்டாலும் குடுப்பா" என்றாள் பொன்னி.

நான் வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். "எங்கண்ணன் நாலு பேரு முன்னால என்னையத் தங்கச்சின்னு கூப்புடணும். கூப்புடும்போது அவனுக்கு வலிக்கணும்."

"அடிப்பாவி, நல்ல நாளும் அதுவுமா இப்படியா வேண்டுவாங்க?" என்று பொன்னி தலையில் அடித்துக்கொண்டாள். அலையில் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

டாக்டர் சொன்ன ஆறு மாதம் கழித்து நடவில் இறங்கினேன். நம்மூர்ப் பக்கம் வரவில்லை, பேரளத்துக்குப் பக்கத்தில் ஒரு நடவுக் கூட்டத்தில் சேர்ந்தேன். முதல் நாள் என்னை ஓரத்தில் விட்டார்கள். ஒரு கிழவி, "நட்டா மொளைக்குமாடி?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். சாயங்காலம் அவள் முடித்ததைவிட ஒரு பத்தி கூடுதலாக நட்டிருந்தேன். மறுநாள் வரிசைக்கு நடுவில் இடம் கொடுத்தார்கள். கெஜட்டில் பெயர் மாற்றினேன். வளர்மதி என்று ரேஷன் கார்டு வந்தது. பன்னிரண்டு வருஷம் போனது. ஆட்சி இரண்டு தடவை மாறியது. நீ ஒரு தடவையும் வரவில்லை.

வந்தாய், கடைசியில். பம்புசெட்டுதான் உன்னைக் கூட்டி வந்தது. மேட்டூர் திறந்தாலும் நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதில்லை என்று உன் பெரிய மகன் போர் போட்டிருந்தான். இலவச மின்சாரத்துக்கு எழுதிப்போட்டால் பட்டா இன்னும் அப்பா பேரில் இருக்கிறது என்றார்களாம். நீ பெட்டியிலிருந்து என் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டியிருக்கிறாய். ரிஜிஸ்டர் ஆகாத தாள், இது செல்லாது, தம்பியைக் கூட்டிவாங்க என்று கிராம அதிகாரி சொல்லியிருக்கிறார். பார்த்தாயா? என்னோடு நன்னிலம் ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம் நிற்க வெட்கப்பட்டாய். அந்த வெட்கம்தான் என் பங்கை எனக்குக் காப்பாற்றி வைத்தது.

என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதே உன் நடையைக் கவனித்தேன். கால்களைக் கொஞ்சம் அகட்டி, மெல்ல வைத்தாய். கையில் ஒரு மஞ்சள் பை. பத்திரம் வைத்திருக்கிறாய் என்று பார்க்கிறவன் நினைப்பான். அதிலிருந்து வேட்டிக்குள் போன மெல்லிய குழாயை நான் பார்த்துவிட்டேன். உனக்கு நீர் அடைத்துக்கொண்டு குழாய் போட்டிருந்தார்கள்.

"கையெழுத்துப் போட முடியாது. பாகப் பிரிவினை எழுது. ரெண்டு மா எனக்கு, ரெண்டு மா ஒனக்கு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல, நேர்ல" என்றேன். நீ மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாய். பிறகு தலையை ஆட்டினாய். கரண்டு வேண்டுமே.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய், எங்கே இருந்தாலும். ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரின் கொட்டகை. சாட்சிக்கு உன் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர், துண்டோடு. உன் மகன் டோக்கன் வாங்கப் போயிருந்தான். நீ பெஞ்சில் உட்கார்ந்தாய், இந்தத் தடவை என் பக்கத்தில், இடம் விடாமல், ஏனென்றால் கூட்டம். எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"ரெண்டாவது பார்ட்டி ஒங்களுக்கு என்ன வேணும்?"

"ஆதார்ல என்ன இருக்கோ அதைப் போட்டுக்கங்க" என்றாய்.

"ஆதார்ல ஒறவு இருக்காதுங்க. நீங்கதான் சொல்லணும்."

நீ சொல்லவில்லை. அவர் வேறு பத்திரத்தை எழுத எடுத்துக்கொண்டார். சங்கத்து ஆட்கள் டீ வாங்கப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் உன் நெற்றி வேர்த்தது. மஞ்சள் பையைப் பார்த்தேன், சப்பையாகக் கிடந்தது. அரை லிட்டர் தண்ணீர் குடித்தவனின் பை அப்படி இருக்காது. குழாயின் மேல் நீ உட்கார்ந்திருந்தாய். உனக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இரண்டு விரலால் இழுத்துவிட்டால் போதும். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டகைத் தூணில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

டீ வந்தது, நீ குடிக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாய், முடியவில்லை. உதட்டைக் கடித்தாய். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வேட்டியைக் கையால் கசக்கினாய். ஒரு மணி நேரம் ஆனபோது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, நீயாக என் பக்கம் திரும்பினாய்.

"என்னமோ பண்ணுது. அடிவயிறு வெடிச்சிடும் போல இருக்கு."

"அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"என்ன..."

"நான் ஒனக்கு என்ன வேணும்னு கேட்டாருல்ல. சொல்லு."

"தங்கச்சி" என்றாய், எறும்புக்குச் சொல்கிற மாதிரி.

"அவருக்குக் காது கேக்கலண்ணே."

"என் தங்கச்சி!" என்று கத்தினாய். "எழுதுய்யா! என் கூடப் பொறந்த தங்கச்சி!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. சங்கத்து ஆள் டீ கிளாசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நான் உன் தொடையைக் கொஞ்சம் நகர்த்திக் குழாயை இழுத்துவிட்டேன். மஞ்சள் பைக்குள் சளசளவென்று சத்தம் கேட்டது. உன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அது பாசத்தில் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். எழுதுகிறவர், "இன்னாரின் இளைய மகள், முதல் நபரின் உடன்பிறந்த தங்கை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். இன்னும் கால் மணி நேரம் விட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

*

ஒரு மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தாய். அதே நடை, அதே மஞ்சள் பை. அண்ணி கொடுத்ததாக முறுக்கு கொண்டுவந்திருந்தாய்.

"அன்னிக்கு நீ முன்னாலயே பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"எவ்வளவு நேரம் முன்னால?"

"நீ என்னைய விட்டுட்டுப் பஸ் ஏறுன அன்னிக்கு, நான் அதே மாதிரி கெடந்த நேரம்."

முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாய். "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க" என்றாய்.

"ஒனக்கு ஆடுச்சா?" என்று கேட்டேன்.

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாய். அடைப்புக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும், எந்த டாக்டரிடம் போவது என்று தெரியவில்லை. கட்சிக்காரர் ஒருவர் ஒரு பேர் சொன்னாராம், மச்சான் வேறு பேர் சொன்னாராம். ஆபரேஷன் ஆனவர்களைப் போய்க் கேள் என்றேன். எப்படிக் கேட்பது, கௌரவம் என்ன ஆவது என்றாய். அதனால் நானே போனேன். திருவாரூர், மன்னார்குடி என்று ஐந்து கிழவர்களைத் தேடிப் பிடித்து, "ஐயா, இப்ப எப்படிப் போவுது, நிக்காம போவுதா, நடுவுல நிக்கிதா" என்று கேட்டேன். இரண்டு பேர் விரட்டினார்கள். மூன்று பேர் மணிக்கணக்காகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் சைக்கிளில் ஏறி ஒரு சுற்று ஓட்டியே காட்டினார். அவருக்குச் செய்த டாக்டரிடம்தான் உன்னைக் கூட்டிப்போனேன். பத்தாம் நாள் நீ குழாய் இல்லாமல் நடந்தாய்.

இதை இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கும் எனக்கும் பேச்சு பாக்கி இருந்தது. நீ நன்றாக இருந்தால்தான் நான் உன்னோடு சண்டை போட முடியும். ஒரு மணி நேரம் போதவில்லை அண்ணே, பன்னிரண்டு வருஷத்துக்கு எப்படிப் போதும்? வயலை வாங்கியாயிற்று, இனி வரப்பில் நின்று ஊர் கேட்க உன்னைக் கிழிக்கலாம் என்று நினைத்திருந்தேன். என் பங்கில் நானே நட்டேன். அந்தப் பக்கம் நின்று நீ பார்த்துக்கொண்டிருந்தாய். நாற்றுக்கட்டு ஒன்று என் கைக்கு எட்டாமல் விழுந்தபோது, நீ இறங்கி அதை எடுத்து என் பக்கம் போட்டாய். அடுத்த தையில், அறுப்புக்கு ஆள் பேசிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி என்றார்கள்.

உன் காரியத்துக்கு வந்தேன். மாலை வாங்கி வந்தேன். அழுகை வரவில்லை. பாதியில் எழுந்து போனவன் மேல் வருகிற ஆத்திரம்தான் வந்தது. மன்னித்துவிட்டாயா என்று அண்ணி கேட்டார்கள். இல்லை அண்ணி என்றேன். அவர்கள் முகம் சுருங்கியது. பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

இப்போது உன் இரண்டு மாவை உன் பெரிய மகன் பார்க்கிறான், என் இரண்டு மாவை நான். நடுவில் ஒரு வரப்பு. உனக்குத் தெரியாததா, நம்மூரில் பங்காளிகள் என்ன செய்வார்கள் என்று? ஒவ்வொரு போகத்துக்கும் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டும்போது, அடுத்தவன் பக்கம் ஒரு விரல்கடை கூடுதலாக மண்வெட்டியை இறக்குவார்கள். பத்து வருஷத்தில் ஒரு உழவுச் சால் அளவு நிலம் கைமாறிவிடும். அதற்குத்தான் வெட்டுக்குத்து, பஞ்சாயத்து, கோர்ட்டு எல்லாம்.

நேற்று விதையை ஊறப்போட்டுவிட்டு வயலுக்குப் போனேன். உன் பக்கம் ஒரு விரல்கடை வெட்டினேன். ஒளித்துச் செய்யவில்லை. உன் மகன் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"போவட்டும் விடுங்க அத்தை, ஒங்க நெலம்தானே" என்றான்.

நல்ல பிள்ளை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எனக்கு அந்த மண் வேண்டாம். நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடி வர வேண்டும். "ஏண்டி, யாரு நெலத்துல மம்பட்டி போடுற" என்று ஊர் கேட்கக் கத்த வேண்டும். அடுத்த போகத்துக்கும் வெட்டுவேன், அதற்கடுத்த போகத்துக்கும் வெட்டுவேன். முடிந்தால் வந்து கேள்.